மாறுபட்ட கிரிப்பும் திரும்பத் திரும்பப் பிசகும் அடியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோல்ஃப் மட்டையைக் கிளப் என்பார்கள், அதைப் பிடிக்கும் முறையைக் கிரிப் என்பார்கள். நான் கோல்ஃப் ஆடுவது மாற்றுக்கைப் பிடியில். வலக்கைக்காரன்தான், ஆனால் என் இடது கை கீழேயும் வலது கை மேலேயும் இருக்கும். இப்படியோ வேறு விதமாகவோ பிடிப்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். எல்லாம் வலக்கைக்காரராக நின்று ஆடுபவரை மனதில் வைத்துச் சொன்னவை. இடக்கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

மாறுபட்ட கிரிப் என்று எதைச் சொல்கிறீர்கள்?

பெரும்பாலோர் பிடிப்பது இரண்டு விதம். வலது சுண்டுவிரலை இடது கையின் மேல் ஏற்றி வைப்பது ஒன்று. இதை ஹாரி வார்டன் என்ற வீரரின் பெயரால் வார்டன் கிரிப் என்பார்கள். வலது சுண்டுவிரலையும் இடது ஆள்காட்டி விரலையும் கோத்துக்கொள்வது இன்னொன்று. ஜாக் நிக்லஸும் டைகர் வுட்ஸும் அப்படித்தான் பிடித்தார்கள். இரண்டிலும் இடது கை மேலே, வலது கை கீழே.

இதிலிருந்து விலகுவதெல்லாம் மாறுபட்டது. கைகளை இடம் மாற்றிப் பிடிக்கும் மாற்றுக்கைப் பிடி, விரல்களைக் கோக்காமல் பத்தும் கிளப்பைத் தொடும் பத்து விரல் பிடி, இரு விரல்களை மேலே ஏற்றும் பிடி, இயல்பைவிட அதிகமாகக் கைகளைச் சுழற்றி வைக்கும் பிடி, இப்படி.

அடி பிசகுவதற்குக் காரணம் என் கிரிப்தான் என்கிறார்கள். முதலில் அதை மாற்றிவிட வேண்டாமா?

வேண்டாம். அவசரப்பட்டு மாற்றாதீர்கள்.

1959-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் மாஸ்டர்ஸ் போட்டியை வென்ற ஆர்ட் வால் பத்து விரல் பிடிக்காரர். அதே வருடம் பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்ற பாப் ராஸ்பர்க்கும் பத்து விரல் பிடிக்காரர். அதே வருடம் டச்சு ஓப்பனை வென்றவர் தென்னாப்பிரிக்காவின் சியூசங்கர் சியூகோலம். எல்லோரும் அவரை 'பாப்வா' என்பார்கள். இந்திய வம்சாவளி, ஆடுபவரின் கிளப்களைச் சுமக்கும் கேடியாக (caddie) வேலை பார்த்தவர், மாற்றுக்கைப் பிடியில் ஆடியவர். டச்சு ஓப்பனை 1960-லும் 1964-லும் மறுபடி வென்றார். 1963-இல் நட்டால் ஓப்பனை வென்றபோது நிறவெறிச் சட்டம் காரணமாக அவரைக் கோல்ஃப் மன்றத்தின் கட்டடத்துக்குள் விடவில்லை. வெளியே மழையில் நிற்கவைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். கோல்ஃபில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இவர். கிரிப்பைச் சொல்லி யாராவது உங்களை மட்டம் தட்டினால் இவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்படியானால் அடி ஏன் பிசகுகிறது? என் அனுபவத்தில் பெரும்பாலும் ஒரே காரணம்தான். கிரிப் நம்முடையது, நிற்கும் முறை மட்டும் அடுத்தவருடையது. பந்தை எங்கே வைப்பது, தோளை எப்படிச் சாய்ப்பது, எவ்வளவு தள்ளி நிற்பது என்று புத்தகங்களில் இருப்பதெல்லாம் வலது கை கீழே இருப்பவருக்காக எழுதியவை. கை மாறினால் தோளும் மாறும், தோள் மாறினால் கிளப் தரையைத் தொடும் இடமும் மாறும். இதைக் கணக்கில் எடுக்காமல் அதே இடத்தில் பந்தை வைத்தால் எத்தனை நாள் பயிற்சி செய்தாலும் அதே பிசகுதான் வரும். அதனால் கிரிப்பை விட்டுவிட்டு நிற்கும் முறையை முதலில் பாருங்கள்.

எங்கே பிசகுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பந்து போன திசையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கிளப்பின் முகத்தில், அதாவது பந்தை அடிக்கும் பரப்பில், பந்து எங்கே பட்டது என்று பாருங்கள். பந்தும் முகமும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு விநாடியில் ஏறத்தாழ 2000-இல் ஒரு பங்கு நேரம்தான். கையில் உணர்ந்ததை வைத்து இடத்தைச் சொல்ல முடியும் என்று பலர் நம்புகிறார்கள். சோதித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் தப்பாகத்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தின் பின்பக்கம் ஒரு பெரிய புள்ளி வையுங்கள். அடித்ததும் அந்த மை முகத்தில் ஒட்டியிருக்கும். காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயைக் கிளப்பின் முகத்தில் லேசாக அடித்தாலும் தடம் தெரியும். ஒரே கிளப்பில் 10 பந்து அடியுங்கள், ஒவ்வொரு தடத்தையும் குறித்துக்கொண்டு துடைத்துவிடுங்கள். (இது பயிற்சியில் மட்டும். ஆட்டத்தின் நடுவே முகத்தில் எதையும் பூசக்கூடாது.)

பத்துத் தடமும் ஒரே பக்கம் ஒதுங்கியிருந்தால் நல்ல செய்தி. உங்கள் ஸ்விங் (கிளப்பை வீசும் வீச்சு) ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருகிறது, நின்ற இடம்தான் சரியில்லை என்று அர்த்தம். நாலா பக்கமும் சிதறியிருந்தால் சமநிலையையும் பிடியின் இறுக்கத்தையும் பாருங்கள்.

அதிக தூரம் அடிக்க உதவும் பெரிய தலைக் கிளப்பான டிரைவரில் ஒரு விஷயம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அதன் முகம் புடைத்தது, எடை முகத்திலிருந்து பின்னால் தள்ளி இருக்கும். அதனால் நுனிப்பக்கம் (நம்மிடமிருந்து தள்ளிய பக்கம்) பட்ட பந்து இடப்பக்கம் வளைய முயலும், குதிப்பக்கம் (நமக்கு நெருங்கிய பக்கம்) பட்ட பந்து வலப்பக்கம் வளையும். குதியில் படுவதால் வளையும் பந்தை ஸ்லைஸ் (கிளப்பின் முகம் வலப்பக்கம் பார்ப்பதால் வளையும் அடி) என்று நினைத்துக்கொண்டு கிரிப்பைத் திருகித் திருகிக் குழம்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்ய வேண்டியிருந்தது பந்திலிருந்து சற்றுத் தள்ளி நிற்பது மட்டும்தான்.

மாற்றுக்கைப் பிடியில் அயர்ன் (தட்டையான உலோகத் தலைக் கிளப்) அடிக்கும்போது ஒன்று மண்ணை முதலில் வெட்டுகிறேன், இல்லை பந்தின் தலையில் தட்டுகிறேன். நடுவே ஒன்றுமே வருவதில்லை.

இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான். எந்தக் கை கீழே இருக்கிறதோ அந்தப் பக்கத்துத் தோள் தாழும். வழக்கமான பிடியில் வலது தோள் தாழ்ந்து உடல் இலக்கை விட்டுச் சற்றுப் பின்னால் சாயும். நமக்கு இடது தோள் தாழும், அல்லது இரண்டும் சமமாகும், மேல் உடல் இலக்குப் பக்கம் போகும். அதனால் கிளப் தரையைத் தொடும் மிகத் தாழ்ந்த புள்ளியும் முன்னே நகரும். அயர்னுக்கு இது நல்லதுதான், பந்தை முதலில் தொட்டு மண்ணை அப்புறம் தொடலாம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், புத்தகத்தில் சொன்னபடி வலது தோளைத் தாழ்த்த முயலும்போது. கீழே இருக்கும் இடது கை எட்டாது. எட்டாததை ஈடுகட்ட எடை வலது காலுக்குப் போகும், தாழ்ந்த புள்ளி பந்துக்குப் பின்னால் வந்துவிடும், மண் பெயரும். அடுத்த அடியில் மண்ணைத் தவிர்க்க இடது முழங்கையை மடக்குவீர்கள், கிளப் மேலேறிப் பந்தின் தலையில் தட்டும். இரண்டும் மாறி மாறி வருவது இப்படித்தான்.

தோளைச் சமமாக விட்டுவிடுங்கள். அடிக்கு முன்பே எடையில் சற்று அதிகப் பங்கு இடது காலில் இருக்கட்டும். பந்து இல்லாமல் புல்லில் ஒரு கோடு போட்டு (மணலாக இருந்தால் இன்னும் நல்லது) அந்தக் கோட்டின் மேல் ஸ்விங் செய்து பாருங்கள். கிளப் எங்கே வெட்டுகிறது? பத்து முறை செய்தால் உங்கள் தாழ்ந்த புள்ளி எங்கே என்று தெரிந்துவிடும். பந்து அதற்கு ஒரு பந்தகலம் பின்னால் இருக்க வேண்டும். புத்தகம் சொன்ன இடம் அதுவாக இல்லாமல் போகலாம், பரவாயில்லை.

இன்னொன்று, பின்ஸ்விங்கின் (கிளப்பைப் பின்னால் தூக்கும் வீச்சின்) நீளம். மாற்றுக்கையில் இடது கை மார்புக்குக் குறுக்கே அதிக தூரம் போக முடியாது. அதற்கு மேல் இழுத்தால் முழங்கை மடங்கும், மடங்கியது திரும்பி வரும்போது ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நிமிராது. இடது முன்கை தரைக்கு இணையாக வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். தூரம் கொஞ்சம் குறையலாம், ஆனால் நடுவில் பட்ட முக்கால் அடி ஓரத்தில் பட்ட முழு அடியைவிட ஏறத்தாழ எப்போதும் நன்றாகவே போகும்.

ஷாங்க் வருகிறது. வர ஆரம்பித்தால் நிற்பதில்லை. என்ன செய்வது?

ஷாங்க் என்றால் பந்து முகத்தில் படாமல், கிளப்பின் தண்டான ஷாஃப்ட் வந்து சேரும் கழுத்தான ஹோசலில் பட்டு வலப்பக்கம் கன்னாபின்னாவென்று பறப்பது. இந்த வேதனை எனக்குத் தெரியும். ஒரு சமயம் மூன்று வாரம் 7 அயர்னை எடுக்கவே பயந்தேன். கற்றுக்கொடுத்தவர் கிரிப்பை மாற்று என்றார், மாற்றினேன், ஷாங்க் போகவில்லை. பழைய கிரிப்பும் கையை விட்டுப் போனதுதான் மிச்சம்.

கடைசியில் பவுடர் அடித்துப் பார்த்தேன். ஷாங்க் ஆகாத பந்துகள்கூடக் குதிப்பக்கமே பட்டிருந்தன. அதாவது எல்லாப் பந்தும் ஒரே பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது, அவற்றில் சில எல்லையைத் தாண்டிவிட்டன, அவ்வளவுதான். பக்கவாட்டில் வீடியோ எடுத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. கீழே இருக்கும் இடது கையை எட்டவைக்க நான் அதிகமாகக் குனிந்து பந்துக்கு நெருங்கி நின்றிருந்தேன். கிளப் இறங்கும்போது எடை கால்விரல்களுக்குப் போனது, இடது முழங்கை உடலை விட்டு வெளியே துருத்தியது. கைகள் இரண்டு விரல் அகலம் முன்னே போனாலே போதும், முகத்தின் நடு இருந்த இடத்துக்குக் கழுத்து வந்துவிடும்.

மூன்று விஷயம் செய்தேன். ஷூவுக்குள் கால் பெருவிரல்களை லேசாக மேலே தூக்கி வைத்துக்கொண்டு அடித்தேன், எடை பாதத்தின் நடுவிலேயே இருந்தது. இடது அக்குளில் ஒரு சின்னத் துண்டைச் செருகிக்கொண்டு, அது விழாமல் அரை ஸ்விங் பழகினேன். அப்புறம் பந்துக்கு வெளிப்பக்கம், என்னிடமிருந்து தள்ளி, இரண்டு விரல் இடைவெளியில் ஒரு டீயைக் (பந்தை ஏற்றி வைக்கும் சின்ன முளை) குத்தி, அதைத் தொடாமல் பந்தை மட்டும் அடித்தேன். இந்த மூன்றாவதுதான் உண்மையில் குணப்படுத்தியது. கண்ணுக்கு ஒரு வேலி இருந்தால் கைகள் தாமாக உள்ளே வருகின்றன.

நுனியில் படுபவர்களுக்கு இதற்கு நேர் எதிர். பெரும்பாலும் அடிக்கும் நேரத்தில் நிமிர்ந்துவிடுவார்கள், அல்லது இடது கையை உள்ளே மடக்கி இழுத்துக்கொள்வார்கள்.

டிரைவர் அடித்தால் பந்து நேரே ஆகாயத்துக்குப் போகிறது. கிளப்பின் உச்சியில் கீறல் விழுகிறது.

முன்பு சொன்ன அதே இடது தோள்தான். அயர்னுக்கு உதவிய சாய்வு டிரைவரைக் கெடுக்கிறது. கிளப் செங்குத்தாக இறங்குவதால் டீயில் இருக்கும் பந்துக்கு அடியில் நுழைந்துவிடுகிறது. டீயைத் தாழ்த்தினால் கீறல் நிற்கும், நோய் போகாது.

பந்தை இடது குதிகாலுக்கு நேராக வையுங்கள். கால்களை இன்னும் கொஞ்சம் அகட்டி, இடது இடுப்பை மட்டும் இலக்குப் பக்கம் மெல்லத் தள்ளுங்கள். தோளை வலுக்கட்டாயமாகச் சாய்க்காமலே முதுகுத்தண்டு வலப்பக்கம் கொஞ்சம் சாயும். அடித்து முடிக்கும் வரை தலை பந்துக்குப் பின்னால் இருக்கிறது என்ற உணர்வு இருக்கட்டும். இதற்கு மேல் டிரைவரில் நான் எதையும் மாற்றுவதில்லை.

நடுவில்தான் படுகிறது, ஆனால் பந்து வலப்பக்கமே போகிறது.

பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது படும் நேரத்தில் முகம் பார்க்கும் திசை. கிளம்பிய பிறகு எந்தப் பக்கம் வளைகிறது என்பதைத் தீர்மானிப்பது, முகத்துக்கும் கிளப் வரும் பாதைக்கும் உள்ள கோணம். வலப்பக்கம் கிளம்பினால் முகம் திறந்திருக்கிறது, அதாவது இலக்குக்கு வலப்பக்கம் பார்க்கிறது, என்று எடுத்துக்கொள்ளலாம்.

மாற்றுக்கைப் பிடியின் பெரிய பலம் இடது மணிக்கட்டு நிலையாக இருப்பது. புட்டிங்கில் (பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் போடும் அடியில்) இத்தனை பேர் அதை விரும்புவதும் அதனால்தான். முழு ஸ்விங்கில் அதே நிலைத்தன்மை முகத்தை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். மணிக்கட்டைச் சுழற்றி அடிக்கும் நேரத்தில் மூடப் பார்க்காதீர்கள், ஒரு நாள் வரும், மறுநாள் வராது. நிற்கும்போதே இடது கையைக் கிளப்பின் மேல் கொஞ்சம் வலப்பக்கம் சுழற்றி வையுங்கள். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விழும் மடிப்பு வலது தோளை நோக்கட்டும். ஒரு முறைக்கு அரை விரல் அளவுக்கு மேல் சுழற்ற வேண்டாம்.

பத்து விரல் பிடியில் பந்து இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது, அடிக்கடி மண்ணும் பெயர்கிறது.

வலது கையின் ஐந்து விரலும் கிளப்பில் இருப்பதால் அந்தக் கை சொல்வதே நடக்கிறது. இறங்கத் தொடங்கியதுமே கிளப்பை வீசிவிடுகிறது. மணிக்கட்டின் மடக்கு சீக்கிரம் நிமிர்ந்துவிடுவதால் கிளப் பந்துக்கு முன்பே தரையைத் தொடுகிறது, தப்பித்தால் முகம் மூடிக்கொண்டு இழுக்கிறது.

முதலில் இரு கைகளுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கவே கூடாது. வலது உள்ளங்கையின் மடிப்பு இடது பெருவிரலின் மேல் நன்றாக அமர வேண்டும். அப்புறம் வலது ஆள்காட்டி விரலையும் பெருவிரலையும் கிளப்பிலிருந்து முழுவதுமாக எடுத்துவிட்டு அரை ஸ்விங்கில் 15, 20 பந்து அடியுங்கள். முதல் சில பந்து அசிங்கமாகப் போகும். பிறகு உடல் திரும்பிக் கிளப்பைக் கொண்டுவருவது எப்படி என்று கைக்குப் புரிந்துவிடும்.

சின்னக் கை உள்ளவர்களுக்கும் விரல் மூட்டுவலி உள்ளவர்களுக்கும் இந்தப் பிடி நல்லது. அவர்களை விரல் கோக்கச் சொல்லி வற்புறுத்துவது தேவையில்லாத கொடுமை.

மிகவும் ஸ்ட்ராங், மிகவும் வீக் என்பவை?

இவை இறுக்கத்தைக் குறிப்பவை அல்ல. கைகள் வலப்பக்கம் சுழன்றிருந்தால் ஸ்ட்ராங், இடப்பக்கம் சுழன்றிருந்தால் வீக். ஸ்ட்ராங் கிரிப்பில் ஆடியே பால் ஏசிங்கர் 1993-இல் பிஜிஏ சாம்பியன்ஷிப் வென்றார். இந்தப் பிடியில் உடல் நிற்காமல் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். உடல் நின்றால் கை மட்டும் ஓடி முகம் மூடி, பந்து இடப்பக்கம் வளையும் ஹூக் விழும். வீக் கிரிப்பில் இதற்கு நேர்மாறு, முகம் திறந்துகொள்ளும். ஹூக்கால் அவதிப்பட்ட பென் ஹோகன் தன் கிரிப்பை வீக் பக்கம் நகர்த்திக்கொண்டது பிரபலம்.

எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது? கிரிப்பின் தடிமன் முக்கியமா?

மாறுபட்ட கிரிப்காரர்கள் கிளப் நழுவிவிடும் என்ற பயத்தில் அதிகமாக இறுக்குகிறார்கள். இறுக்கினால் முன்கை விறைக்கும், கை நீளம் குறையும், பந்தின் தலையில் தட்டும். கிளப்பை முன்னால் நீட்டிப் பிடித்து மணிக்கட்டால் சின்ன வட்டம் போட்டுப் பாருங்கள். சுலபமாக வந்தால் இறுக்கம் சரி.

தடிமனும் முக்கியம். கிளப்பின் கைப்பிடியில் மாட்டும் ரப்பர் உறையையும் கிரிப் என்பார்கள், அது மேலே தடித்துக் கீழே மெலிந்திருக்கும். கீழ்க்கை அதிகமாக வேலை செய்கிறது என்று தோன்றினால் கீழ்ப்பகுதிக்குள் ஓரிரு சுற்று டேப் கூடுதலாகச் சுற்றி மாட்டச் சொல்லுங்கள்.

சின்ன அடிகளுக்கு மட்டும் மாற்றுக்கையாகப் பிடிக்கலாமா?

தாராளமாக. 2022-இல் அமெரிக்க ஓப்பனை வென்ற மாட் ஃபிட்ஸ்பாட்ரிக் சிப் ஷாட்டை (பந்தைக் கொஞ்ச தூரம் தூக்கிப் போடும் சின்ன அடி) மாற்றுக்கையாகத்தான் ஆடுகிறார். குழியைச் சுற்றிய மட்டமான புல்தரையான கிரீனுக்குப் பக்கத்திலிருந்து மண்ணைக் கிளறிக்கொண்டே இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் மருந்து இதுதான். இடது தோள் தாழ்வதும் மணிக்கட்டு நிலையாக இருப்பதும் இந்த அடியில் முழுக்க முழுக்க நமக்குச் சாதகம்.

எப்போது கிரிப்பை மாற்றித்தான் ஆக வேண்டும்?

வலிக்கும்போது. உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கத்து அடிப்பகுதியில் கிளப்பின் மேல்நுனி இடித்துக்கொண்டே இருந்தால் அங்கே உள்ள சின்ன எலும்பு உடையக்கூடும். வழக்கமான பிடியில் இது இடது கைக்கு வரும், மாற்றுக்கையில் மேலே இருக்கும் வலது கைக்கு. வலி நீடித்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

அதைத் தவிர, நிற்கும் முறையைச் சரிசெய்து, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாதக்கணக்கில் பார்த்தும் தடம் நடுவுக்கு வரவில்லையென்றால் மாற்றிப் பார்க்கலாம். அப்படி மாற்றினால் பாதி வழியில் திரும்பாதீர்கள்.

போட்டியில் விதி ஏதாவது தடுக்குமா?

கைகளை எந்த வரிசையில் வைப்பது, விரலை எப்படிக் கோப்பது என்று விதி எதுவும் சொல்வதில்லை. ஆனால் 2016 முதல், கிளப்பையோ கிளப்பைப் பிடித்த கையையோ உடலோடு அண்டக்கொடுத்து ஊன்றி அடிக்கக்கூடாது. புட்டிங்குக்கான கிளப்பான புட்டரைத் தவிர மற்றக் கிளப்களில் கிரிப் வட்டமாக இருக்க வேண்டும், விரல் பதியும் பள்ளங்களோடு வார்த்த பயிற்சி கிரிப்பைப் போட்டியில் பயன்படுத்த முடியாது. பயிற்சியில் அதை மாட்டிப் பழகியவர்கள் போட்டிக்கு முன்பு கழற்ற மறக்க வேண்டாம்.

கையுறை எந்தக் கையில்?

மேலே இருக்கும் கையில். மாற்றுக்கைக்காரர்களுக்கு அது வலது கை. கடையில் வாங்கும்போது இடக்கைக்காரர்களுக்கான கையுறை என்று கேளுங்கள், அதுதான் வலது கைக்குப் பொருந்தும்.